குடும்ப மரத்தில் அத்தைக்குக் கட்டம் இல்லை: உங்கள் ஊர்ப் பள்ளி நூலகத்தில் எப்படி?

அத்தைமடி (பெஸ்தாரி ஜெயா)

வணக்கம். பழைய ஆட்களுக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் மலேசியாவில் இருக்கும் எங்கள் ஊர் புரியும். அண்ணன் மகள் என்னோடு வளர்கிறாள். அண்ணன் இல்லை. அண்ணிக்கு ஜொகூரில் வேலை, மாதம் ஒருமுறை வருவார், சில மாதம் அதுவும் இல்லை. வீட்டில் நான், என் அம்மா, இவள்.

முதலாம் ஆண்டில் 'என் குடும்பம்' பாடம். மரம் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்து, கட்டங்களில் படம் ஒட்டி வரச் சொன்னார்கள். மேலே தாத்தா பாட்டி, நடுவில் அப்பா அம்மா, கீழே 'நான்'. அத்தைக்குக் கட்டம் இல்லை. இவள் என்ன செய்தாள் தெரியுமா, மரத்துக்கு வெளியே தரையில் புல் வரைந்து, புல் மேல் என்னை நிற்க வைத்துவிட்டாள். பக்கத்தில் பூனை. நான் சிரித்துவிட்டேன். ராத்திரி அம்மாதான் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

போன சனிக்கிழமை பள்ளி நூலகத்தில் கோத்தோங் ரோயோங், எல்லாரும் கூடிச் சுத்தம் செய்தோம். படக்கதைப் புத்தகங்களைத் தூசி தட்டும் வேலை எனக்கு. தட்டிக்கொண்டே புரட்டினேன். அப்பா நாளிதழ் படிக்கிறார். அம்மா சமைக்கிறார். அண்ணன் பந்து விளையாடுகிறான், தங்கை பூப்பறிக்கிறாள். சிற்றன்னை வந்தால் கொடுமைக்காரி. அநாதைப் பிள்ளை வந்தால் கடைசிப் பக்கத்தில் ஒரு பணக்காரர் காரில் வந்து இறங்குகிறார். எங்கள் தாமான் குடியிருப்பில் ஒரு வரிசைக்கு இருபது வாசல். அப்பா உட்கார்ந்து நாளிதழ் படிக்கும் வீடு எத்தனை தேறும் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன், ஒரு கை விரல் மிச்சமாகிவிட்டது.

தமிழில் வேறு மாதிரிப் புத்தகங்கள் கிடைக்குமா? பாட்டி வளர்க்கும் பிள்ளை, எடுத்து வளர்த்த பிள்ளை, அப்பா மட்டும் உள்ள வீடு? வாங்கிக் கொடுத்தால் பள்ளியில் வைப்பார்களா?

---

தேய்ந்த சாக்குக்கட்டி (சுங்கை சிப்புட்)

தங்கச்சி, 34 வருடம் தமிழ்ப்பள்ளியில் இருந்தவள் சொல்கிறேன். அந்த டீச்சரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். மரப் படம் எல்லா இடத்திலும் சுற்றும் ஒரே தாள். யாரோ ஒருவர் எப்போதோ வரைந்தது, நகல் எடுத்து எடுத்துக் கிளைகூட மங்கிவிட்டது. நானும் கொடுத்திருக்கிறேன். ஒரு பையன் 'அப்பா' கட்டத்தில் சிறைச்சாலை வரைந்துகொண்டு வந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. அடுத்த வருடம் முதல் வெறும் தாள் கொடுத்து, 'உனக்குச் சோறு போடுபவர், உன்னைத் தூங்க வைப்பவர், உன்னோடு சண்டை போடுபவர், எல்லாரையும் வரை' என்றேன். ஒரு பிள்ளை பள்ளி வேன் ஓட்டுநரை வரைந்தது.

பள்ளி நூலகத்துக்குப் புத்தகங்கள் பெரும்பாலும் கட்டுக்கட்டாக வரும். பத்துத் தலைப்பு ஒரு விலை. பொறுப்பாசிரியருக்கு நூலகம் மட்டுமா வேலை? வகுப்பும் உண்டு, விளையாட்டுப் போட்டியும் உண்டு. பிள்ளைகள் படித்த புத்தகங்களைக் கணக்கு வைக்கும் நீலாம் பதிவுக்குப் பக்கம் குறைவான புத்தகமாகக் கிடைத்தால் பிள்ளைகளுக்கும் சந்தோஷம், ஆசிரியருக்கும் சந்தோஷம். கதையில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று பார்க்க யாருக்கு நேரம்?

நன்கொடைப் புத்தகத்தைத் தலைமையாசிரியர் பார்த்துச் சரி சொன்னால்தான் முத்திரை குத்துவார்கள். கேட்டுப் பாருங்கள், கொடுக்கிறவர்கள் குறைவு என்பதால் முகம் சுளிக்கமாட்டார்கள்.

---

பழைய லோரி

நான் அதிகம் எழுதமாட்டேன், படிப்பதோடு சரி. இதைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை.

என் தாத்தாவை 1943இல் ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனான். பாட்டி அப்போது ரப்பர்க் காட்டில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். திரும்பி லயத்து வீட்டுக்கு வந்தால் ஆள் இல்லை. எங்கள் தோட்டத்திலிருந்து போனவர்களில் திரும்பியவர்களை விரல் விட்டு எண்ணலாம், தாத்தா அதில் இல்லை. செத்தார் என்று யாரும் வந்து சொல்லவில்லை, அதனால் பாட்டி கடைசி வரை தாலியைக் கழற்றவில்லை.

அடுத்த வருடம் மரவள்ளிக்கிழங்கு விற்கப் பட்டணம் போனவர், திரும்பி வரும்போது இடுப்பில் மூன்று மாதப் பெண் குழந்தை. காய்கறித் தோட்டம் போட்டிருந்த சீனக் குடும்பம். அவர்களுக்கு ஏற்கெனவே நான்கு பெண்கள், பஞ்சம் வேறு. 'பால் இல்லேன்னாலும் கஞ்சித் தண்ணி குடுப்பியா' என்று அந்த அம்மாள் கேட்டதாகவும், 'எனக்கும் அதான் சாப்பாடு' என்று தான் சொன்னதாகவும் பாட்டி சொல்வார். இரண்டு பேரும் எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள் என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

அந்தக் குழந்தைதான் என் அம்மா. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பார். தீமிதிக்கு விரதம் இருப்பார். பாசாரில் சீனக் கடைக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சீனத்தில் விலை சொல்வார். 'எனக்கு வெளங்கலே தவுக்கே, தமிழ்ல சொல்லு' என்பார் அம்மா. கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்து ஐந்து காசு குறைப்பார்.

ஆக வீட்டில் பாட்டி, சீன முகத்தோடு என் அம்மா, பாட்டியின் தம்பி ஒருவர் (கல்யாணமே கட்டவில்லை), பிறகு என் அப்பா, நாங்கள். ஆயாக் கொட்டகையில் எங்களைத் தூளியில் போட்டு ஆட்டிய ஆயாவும் பொங்கல் அன்று எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். 1971இல் முதல் வகுப்பில் 'என் குடும்பம்' என்று நான்கு வரி எழுதச் சொன்னார்கள். 'என் அம்மா வெள்ளையாக இருப்பார்' என்று எழுதினேன். வாத்தியார் சிவப்பு மையால் அடித்து 'அழகாக இருப்பார்' என்று திருத்தினார். நல்ல மனுஷன். ஆனால் எனக்கு அது ரொம்ப நாள் குழப்பமாக இருந்தது. வெள்ளை என்று சொன்னது தப்பா?

---

தேய்ந்த சாக்குக்கட்டி (சுங்கை சிப்புட்)

ஐயா, இதுவே ஒரு புத்தகம். எழுதுங்கள்.

---

கம்பத்து மணி

எல்லாரும் உருகிக்கொண்டிருக்கிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். பாட்டி, அத்தை, தத்துப்பிள்ளை, சரி. யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் 'பலவகைக் குடும்பம்' என்று இணையத்தில் தேடினால் முதலில் எது வருகிறது? இரண்டு அப்பா, இரண்டு அம்மா. வெளிநாட்டில் இந்தத் தலைப்பே அதற்குத்தான். இன்று பாட்டி கதை என்று கதவைத் திறந்தால் நாளைக்கு அது பின்னாலேயே வரும். ஏழு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு? பள்ளியில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால் போதும்.

---

நெறியாளர்

மேலே இருந்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கட்சியையும் சமயச் சண்டையையும் வேறு இழைக்குக் கொண்டு போங்கள். தலைப்பு சிறுவர் புத்தகம்.

---

அலமாரி 800 (கிள்ளான்)

பொது நூலகத்தில் வேலை செய்கிறேன். கம்பத்து மணி அண்ணன் கேட்டதற்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் 2014 ஜூலையில் நடந்தது. ஒரு வாசகர் புகார் அனுப்பினார், தேசிய நூலக வாரியம் மூன்று சிறுவர் நூல்களை எடுத்துவிட்டது. ஒன்று, நியூயார்க் விலங்ககத்தில் இரண்டு ஆண் பென்குயின்கள் முட்டையை அடைகாத்துக் குஞ்சு வளர்த்த உண்மை நிகழ்ச்சி. இன்னொன்று சீனாவுக்குக் குழந்தை தத்தெடுக்கப் போகும் நான்கு வீடுகளைப் பற்றியது, அதில் ஒரு வீட்டில் இரண்டு பெண்கள். மூன்றாவது பலவகை வீடுகளைக் காட்டும் படப்புத்தகம். கூழாக்கப் போகிறோம் என்றதும் பெரிய எதிர்ப்பு வந்தது. பெற்றோர்கள் பிள்ளைகளோடு நூலக வாசலில் வந்து உட்கார்ந்து புத்தகம் படித்தார்கள். அமைச்சர் தலையிட்டு இரண்டைப் பெரியவர் பகுதியில் வைக்கச் சொன்னார். மூன்றாவது அதற்குள் கூழாகிப் போயிருந்தது.

நம் மலேசியாவில் 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம் இருக்கிறது. உள்துறை அமைச்சு ஒரு நூலைத் தடை செய்தால், அதை அச்சடிப்பவருக்கும் விற்பவருக்கும் 3 ஆண்டு வரை சிறை, 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023இல் அமெரிக்காவில் வெளியான சிறுவர் நூல்களே அந்தப் பட்டியலில் சேர்ந்தன. அதனால் அண்ணன் பயப்படுகிற புத்தகம் தமிழ்ப்பள்ளி அலமாரிக்குத் தானாக நடந்து வந்துவிடாது. கவலை வேண்டாம்.

என் கவலை வேறு. சிங்கப்பூரில் பெரியவர் அலமாரிக்குப் போன இரண்டில் ஒன்று தத்துப்பிள்ளைகளின் கதை என்று சொன்னேன் இல்லையா. பழைய லோரி ஐயாவின் அம்மாவைப் போன்ற ஒரு பிள்ளை அந்த நூலகத்துக்குப் போயிருந்தால், தன்னைப் பற்றிய புத்தகம் அவளுக்குக் கை எட்டாத தட்டில் இருந்திருக்கும். வேண்டாததை அள்ளிப் போடும்போது இதுவும் சேர்ந்து போகிறது. எங்கள் நூலகத்தில் அப்படி யாரும் எதையும் எடுக்கச் சொல்லவில்லை, ஆனால் வம்பு வேண்டாம் என்று வாங்காமலே விடுவதை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி யாரும் புகார் செய்யவும் முடியாது, ஏனென்றால் இல்லாத புத்தகத்தைப் பற்றி யாருக்குத் தெரியும்?

ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1990இல் எழுதியது இன்றும் எங்கள் துறையில் பேசப்படுகிறது. புத்தகம் பிள்ளைக்குக் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும், அடுத்தவர் வீட்டைப் பார்க்கும் ஜன்னலாகவும் இருக்க வேண்டும் என்பார்.

---

பழைய லோரி

எங்கள் லயத்து வீட்டில் ஜன்னலே ஒன்றுதான். அடுத்த வீட்டைப் பார்க்கத் தேவையும் இல்லை, பலகைச் சுவர் வழியாக எல்லாம் கேட்டுவிடும்.

---

கரண்டி அப்பா (பீடோங்)

செம்பனைத் தோட்டத்தில் மண்டோர் வேலை. மனைவி பிரிந்து போய் நான்கு வருடம். இரண்டு பையன்கள் என்னிடம்.

புத்தகம் இல்லை என்கிறீர்கள், இருக்கிற புத்தகத்தைப் பற்றி நான் சொல்கிறேன். சின்னவன் போன வருடம் ஒன்று கொண்டு வந்தான், அம்மா இல்லாத பையன் கதை. முதல் பக்கத்தில் மழை. இரண்டாம் பக்கத்தில் மழை. பையன் கிழிந்த சட்டையோடு ஜன்னல் ஓரம் நிற்கிறான். கடைசியில் பக்கத்து வீட்டு அம்மா தோசை கொடுக்கிறார், அப்போதுதான் வெயில் அடிக்கிறது. நான் கேட்கிறேன், அம்மா இல்லாத வீட்டில் வெயில் அடிக்காதா? பையன் என்னைப் பார்த்து, 'அப்பா, நாம பாவமா?' என்றான். 'சோறு குழைஞ்சா மட்டும் பாவம்' என்று சொல்லி வைத்தேன். ஆனால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே தங்கச்சி, தேடுவதாக இருந்தால் இப்படித் தேடுங்கள். ஒரு பையனின் ஆடு காணாமல் போகிறது. அவனும் தம்பியும் செம்பனைக் காட்டுக்குள் தேடுகிறார்கள். பாம்பு வருகிறது, ஓடுகிறார்கள், ஆடு கோவில் பின்னால் வாழைத்தாரைத் தின்றுகொண்டு நிற்கிறது. வீட்டுக்கு வந்தால் அப்பா நெத்திலிச் சம்பால் கிண்டிக்கொண்டிருக்கிறார். முடிந்தது. அம்மா எங்கே என்று கதை கேட்கவே வேண்டாம். என் பையன்களுக்கு ஆட்டைப் பற்றித்தான் கவலை.

---

அத்தைமடி (பெஸ்தாரி ஜெயா)

அண்ணே, நான் கேட்க நினைத்து எனக்கே வராத கேள்வி இதுதான். 'பாவம்' இல்லாத புத்தகம்.

---

பின்வாசல் (லாயாங் லாயாங்)

கம்பத்து மணி அண்ணனுக்கு ஒரு வார்த்தை. சண்டைக்கு இல்லை.

அம்மா விடியற்காலை பால் வெட்டப் போய்விடுவார். என்னை எழுப்பிக் குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளி வாசல் வரை மோட்டாரில் கொண்டு விடுவது அம்மாவின் தம்பி. நான் நான்காம் ஆண்டு படிக்கும்போது அவர் சேலை கட்ட ஆரம்பித்தார். 'மாமா' என்றால் திரும்பிப் பார்க்கமாட்டார். வீட்டில் இரண்டு மாதம் யாரும் பேசவில்லை. பிறகு என் பாட்டிதான் ஒரு நாள் 'சின்னவளே, தண்ணி கொண்டா' என்றார். அன்றிலிருந்து எனக்குச் சித்தி.

தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்து சித்தி போட்டதுதான். எனக்கு இதைப் புரிந்துகொள்ளப் புத்தகம் எதுவும் தேவைப்படவில்லை. பள்ளி வாசலில் நின்று சிரித்த மற்றப் பிள்ளைகளுக்குத்தான் ஏதாவது தேவைப்பட்டது. ஐந்தாம் ஆண்டிலிருந்து சித்தியை வாசல் வரை வர வேண்டாம், முச்சந்தியிலேயே இறக்கிவிடு என்று சொன்னவன் நான். அவர் ஏன் என்று கேட்கவே இல்லை.

---

கம்பத்து மணி

தம்பி, உன் சித்தியைப் பற்றி நான் ஒரு சொல் சொல்லமாட்டேன். எங்கள் கம்பத்திலும் அப்படி ஒருவர் இருந்தார், கோவில் திருவிழாவில் கரகம் அவர்தான் எடுப்பார், எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுவார்கள். மறுநாள் கேலி செய்வார்கள். அது சரியில்லை என்பது எனக்கும் தெரியும்.

ஆனால் என் பிள்ளைக்கு எதை எந்த வயதில் சொல்வது என்பது என் கையில் இருக்க வேண்டும். அதில் நான் மாறமாட்டேன். புத்தகம் வைப்பதாக இருந்தால் பட்டியலைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் வையுங்கள், நாங்களும் புரட்டிப் பார்க்கிறோம். இரண்டு வாரம் மேசையில் கிடக்கட்டும். சத்தமில்லாமல் கொண்டு வந்து வைத்தால்தான் சந்தேகம் வரும்.

---

அலமாரி 800 (கிள்ளான்)

இது நியாயமான யோசனை. சொல்லப்போனால் பொது நூலகத்தில்கூட இப்படிச் செய்தால் பாதி வம்பு குறையும். ஒன்றே ஒன்று, யாராவது ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்றால் என் பிள்ளை எடுக்க வேண்டாம் என்று சொல்லட்டும். எல்லாப் பிள்ளைக்கும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது.

---

மூன்று மொழி (கோலசிலாங்கூர்)

இந்தோனேசியப் பெண்ணைக் கட்டியிருக்கிறேன். கோவிலில் தாலி கட்டினோம், பதிவு செய்யவில்லை. 1982 மார்ச் முதலே முஸ்லிம் அல்லாதாரின் திருமணம் பதிவாக வேண்டும் என்ற சட்டம் நடப்பில் இருக்கிறது, என் முட்டாள்தனம். பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கு அம்மாவின் குடியுரிமைதான். மகள் இங்கேயே பிறந்தவள். பிறப்புப் பத்திரத்தில் 'புக்கான் வார்கா நெகாரா', குடியுரிமை இல்லாதவள் என்று. 2024இல் அரசியலமைப்பைத் திருத்தினார்களே என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். அது வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மார்களுக்கு. எங்கள் கணக்கு வேறு.

அவளுக்கு வீட்டில் தமிழ், அம்மாவிடம் ஜாவா, கடையில் மலாய். ஒரு நீலக் கோப்பு இருக்கிறது. பத்திரம், படம், கடிதம் எல்லாம் அதில். அலுவலகம் போகும்போது அவள்தான் அதைத் தூக்கிக்கொள்வாள், என்னைத் தொடவிட மாட்டாள். அவள் கண்ணில் அது புத்தகப்பை மாதிரி. அந்த நீலக் கோப்பைப் பற்றி யாராவது கதை எழுதினால் நான் பத்துப் பிரதி வாங்குவேன். மழை மட்டும் வேண்டாம், கரண்டி அப்பா சொன்ன மாதிரி.

---

அலமாரி 800 (கிள்ளான்)

அத்தைமடி, உங்கள் முதல் கேள்விக்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை என்று இப்போதுதான் உறைத்தது.

சென்னையில் துலிகா, தாரா போன்ற பதிப்பகங்கள் சிறுவர் படப்புத்தகங்களை நன்றாகப் போடுகின்றன. துலிகாவில் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் புத்தகங்கள் உண்டு. தபால் செலவுதான் இடிக்கும். செலவில்லாத வழி, பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம். தமிழில் நிறையக் கதைகள் இருக்கின்றன, நான்கு நிலைகளாகப் பிரித்திருப்பார்கள். முதலாம் ஆண்டுக்கு நிலை 1, 2 போதும். திறந்த உரிமத்தில் இருப்பதால் இறக்கி அச்சடிக்கலாம், எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போட்டுவிட்டுச் சொற்களை மாற்றவும் செய்யலாம். 'ஆட்டோ' வந்தால் 'வேன்' என்று மாற்றுங்கள், நம் பிள்ளைகளுக்கு ஆட்டோ என்றால் ரஜினி படம்தான்.

ஒன்று கவனியுங்கள், 'குடும்பம்' என்று தேடாதீர்கள். 'பாட்டி', 'ஆடு', 'திருவிழா', 'தொலைந்த' என்று தேடுங்கள். கரண்டி அப்பா கேட்ட மாதிரிக் கதைகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். இப்படித் தேடியதில் பாட்டியும் பேத்தியும் மட்டுமே உள்ள வீடு சாதாரணமாக வந்துபோகிற கதைகள் எனக்குக் கிடைத்தன. யாரும் அழவில்லை.

---

அத்தைமடி (பெஸ்தாரி ஜெயா)

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அம்மாவுக்குக் காய்ச்சல்.

தலைமையாசிரியரைப் பார்த்தேன். கம்பத்து மணி அண்ணன் சொன்னபடியே பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் வைக்கிறேன் என்றேன், அவருக்கும் அது சௌகரியமாகப் போயிற்று. ஸ்டோரிவீவரிலிருந்து ஏழு கதைகளை இறக்கிப் பட்டணத்தில் வண்ண அச்சடித்தோம். விலையைக் கேட்டதும் ஏழு ஐந்தாகிவிட்டது. மேசையில் வைத்தோம். ஒருவர் மட்டும் 'இதில் திருக்குறள் இல்லையே' என்று கேட்டார். வேறு ஆட்சேபம் இல்லை.

பழைய லோரி ஐயா தனிச்செய்தியில் அவர் அம்மா கதையைப் பதினான்கு பக்கம் அனுப்பியிருந்தார். தேய்ந்த சாக்குக்கட்டி டீச்சர் அதைப் பன்னிரண்டு வாக்கியமாகச் சுருக்கினார். ஐயாவுக்கு அதில் வருத்தம் உண்டு என்று நினைக்கிறேன். படம் நான்காம் ஆண்டுப் பிள்ளைகள். சீனக் குழந்தைக்கு என்ன நிறம் அடிப்பது என்று ஒரு சண்டை நடந்து, கடைசியில் ஒருத்தி மஞ்சள் பென்சிலை வைத்துவிட்டுத் தாளை அப்படியே வெள்ளையாக விட்டுவிட்டாள். 'என் அம்மா வெள்ளையாக இருப்பார்' என்ற வரியை டீச்சர் மாற்றவில்லை.

நூலகப் பதிவேட்டில் ஆசிரியர் பெயர் என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்கிறார்கள். ஐயா தன் பெயர் வேண்டாம் என்கிறார்.

அண்ணன் மகள் பாட்டி கதையை எடுத்து வந்தாள். படித்து முடித்து, 'இந்தப் பாட்டி நம்ம பாட்டி மாதிரி ஏசவே இல்லையே' என்று குறைப்பட்டாள்.

---

பழைய லோரி

வருத்தம் இல்லை தங்கச்சி. சரி, கொஞ்சம் இருக்கிறது, பாட்டியின் தம்பியை எடுத்திருக்க வேண்டாம்.

ஆசிரியர் இடத்தில் பாட்டி பெயரைப் போடுங்கள், தனியாக அனுப்புகிறேன். அவருக்கு எழுதத் தெரியாது, கைரேகைதான். பரவாயில்லை.

அப்புறம், புத்தகத்தை ஊசிக்கம்பி அடித்துக் கட்டாதீர்கள். நம் பக்கத்து ஈரத்துக்கு ஆறு மாதத்தில் துரு பிடித்துத் தாளைத் தின்றுவிடும். சாக்கு ஊசியும் மெழுகு நூலும் வைத்துத் தைத்துவிடுங்கள். லோரி ஓட்டிய காலத்தில் கணக்குப் புத்தகத்தை அப்படித்தான் தைப்பேன், இன்னும் பிரியவில்லை.